கடைசி ஆள் ஏறினால்தான் மலை ஏறியதாகக் கணக்கு

திலக் நகரிலிருந்து கல்சுபாய் உச்சிக்கு: முதல்முறை மலையேறும் நண்பர்களை அழைத்துச் செல்கிறவர்களுக்காக ஒரு சிறப்புக் கட்டுரை

மும்பைவாசிகளுக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. லோக்கல் ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த மலைக்குப் பாதி வழிக்கு மேல் போய்விடலாம். திலக் நகரில் ஹார்பர் லைன் வண்டி பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்கே சென்ட்ரல் லைனுக்கு மாறி தாணே, கல்யாண், டிட்வாலா, ஆசன்காவ் எல்லாம் தாண்டினால் கசாரா. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து 121 கிலோமீட்டர். அந்தத் திசையில் லோக்கல் வண்டி போய் நிற்கும் கடைசி ஊர். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஜீப் நிற்கும். காட் ரோடு ஏறி, இகத்புரி, கோட்டி வழியாகப் பண்டார்தரா சாலைக்குத் திரும்பினால் பாரி என்ற கிராமம். ஊருக்கு மேலே எழுந்து நிற்பதுதான் கல்சுபாய். உயரம் 1,646 மீட்டர், அடிக்கணக்கில் 5,400.

இந்த வழி தெரிந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் அநேகமாக ஒவ்வொரு கட்டடத்திலும் இருப்பார். அவரிடம்தான் கேட்பார்கள்: “அண்ணே, அடுத்த தடவை எங்களையும் கூட்டிட்டுப் போங்க.” கேட்பவர் பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞராக இருக்கலாம். குழந்தை பிறந்த பிறகு தனக்கென்று ஒருநாள்கூட வெளியே போகாத பெண்ணாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய வங்கி ஊழியராக இருக்கலாம். “வாங்க, போவோம்” என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த நொடியிலேயே அவர்களுடைய மூச்சும் முழங்காலும் பயமும், வீட்டில் காத்திருப்பவர்களின் கவலையும் நம் பொறுப்பில் வந்துவிடுகின்றன.

மலை ஏறத் தெரிந்தவர் எல்லோருக்கும் மலைக்கு அழைத்துப் போகத் தெரியும் என்று சொல்ல முடியாது. முதல் மலை ஒருவருக்கு எப்படி அமைகிறதோ, அப்படியே மலைகளோடு அவருக்குள்ள உறவும் அமைந்துவிடுகிறது. நல்லபடியாக அமைந்தால் ஆயுள் முழுக்க ஏறுவார். அவமானமும் வலியுமாக முடிந்தால், அதன் பிறகு எந்த மலையையும் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார். இரண்டில் எது நடக்கும் என்பது பெரும்பாலும் அழைத்துப் போகிறவர் கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பை எப்படிச் சுமப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பேச்சு.

நமக்குக் கோயில், அவர்களுக்குக் கோட்டை

மலை என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில். பழனி, திருத்தணி, சதுரகிரி, பருவதமலை, வெள்ளியங்கிரி என்று சாமிக்காகவே ஏறிப் பழகியவர்கள் நாம். மராட்டியருக்கு மலை என்றால் கோட்டை. சிவாஜி மகாராஜாவின் காலடி பட்ட இடம் என்ற உணர்வோடு ராஜ்கட், ராய்கட், சால்ஹேர் என்று வாராவாரம் கிளம்பும் இளைஞர்களைக் கசாரா வண்டியிலும் கர்ஜத் வண்டியிலும் பார்க்கலாம். மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சிக்கோட்டை. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்தவர்களுக்கு அந்தச் செய்தி இரட்டிப்பு மகிழ்ச்சி.

கல்சுபாய் கோட்டைக்குப் பெயர் வாங்கிய மலை கிடையாது. உச்சியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு அம்மன் கோயில். கல்சு என்பவள் காட்டில் திரிவதில் ஆசை கொண்ட கோலி இனத்துப் பெண் என்கிறது இந்தப் பக்கத்து மக்களின் கதை. மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பாத்திரம் தேய்க்கச் சொல்லக் கூடாது, குப்பை பெருக்கச் சொல்லக் கூடாது என்பது அவள் வைத்த நிபந்தனை. ஒருநாள் அந்த வீட்டார் இரண்டையும் செய்யச் சொன்னார்கள். சொன்னதைச் செய்து முடித்தாள். அதோடு மலையேறிப் போய் உச்சியையே தன் வீடாக்கிக்கொண்டாள். இன்றும் நவராத்திரியில் சுற்றுவட்டாரப் பெண்கள் திரளாக ஏறி வந்து அவளைக் கும்பிடுகிறார்கள். அழைத்துப் போகிற குழுவில் பெண்கள் இருந்தால் அடிவாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அந்த மலையில் முதலில் ஏறியவள் ஒரு பெண் என்று தெரிந்து ஏறுவதில் ஒரு தெம்பு இருக்கிறது.

குருசாமி செய்கிற வேலை

புதியவரை மலைக்கு அழைத்துப் போகும் கலையை நாம் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று தமிழர் வாழும் இடமெல்லாம் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். முதல்முறை போகிறவர் கன்னிசாமி. அவரை அழைத்துப் போகிறவர் குருசாமி. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த ஏற்பாட்டை மட்டும் பார்த்தால், மலையேற்றப் பயிற்சிப் பள்ளிகள் சொல்லித் தருவதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

41 நாள் விரதம் என்பது உடலையும் மனதையும் முன்கூட்டியே தயார் செய்வது. விடியலில் எழுந்து குளிர்ந்த நீரில் குளித்து, புகையும் மதுவும் விட்டு, எளிய உணவுக்கு வந்துவிட்ட உடம்பு நீலிமலை ஏற்றத்தில் தடுமாறுவது குறைவு. இருமுடியில் எது போக வேண்டும், எது கூடாது என்பதைக் குருசாமிதான் முடிவு செய்கிறார். யாரும் குழுவை விட்டுத் தனியே போகக் கூடாது என்பது முதல் கட்டளை. இன்னொன்று, மிக நுட்பமானது: வழி நெடுக எழும் சரண கோஷம். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும் குரல் எங்கே தேய்கிறதோ, அங்கே ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று இன்றைய உடற்பயிற்சி நிபுணர்கள் சொல்வதும் இதைத்தான். கல்சுபாய் பாதையில் சரணம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். அரைமணி நேரமாகப் பதில் சொல்லாமல் வருகிறவர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.

மலையைப் படித்துவிட்டுப் போங்கள்

1,646 மீட்டர் என்பது கொடைக்கானலைவிடக் குறைந்த உயரம்தான். ஆனால் கொடைக்கானலுக்குப் பஸ் போகிறது. இங்கே பாரியிலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் செங்குத்து உயரத்தைக் காலால் கடக்க வேண்டும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 280 மாடிக்கு மேல். திலக் நகரில் பழைய மாடா (வீட்டுவசதி வாரிய) கட்டடங்களை இடித்து எழுப்பிய கோபுரங்களில் லிஃப்ட் நின்றுபோன நாளில் பத்து மாடி ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

எவ்வளவு நேரமாகும்? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. ஒருவழி ஆறரை கிலோமீட்டர் அளவுள்ள கல்சுபாய் பாதைக்கு இது இரண்டே முக்கால் மணி நேரம். ஆனால் அது பழகிய கால்களுக்கு. முதல்முறை வருகிறவர்களுக்கு அதில் பாதியைக் கூட்டி நான்கு மணி நேரம் என்று வையுங்கள். ஓய்வு, ஏணியில் காத்திருப்பு, போட்டோ எல்லாம் அதற்கு மேல்.

கல்சுபாய் அடங்கிய சஹ்யாத்ரி மலைகளுக்கு ஒரு குணம் உண்டு. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பூமிப் பிளவுகளிலிருந்து மீண்டும் மீண்டும் பெருகி, அடுக்கடுக்காக உறைந்து உருவானவை இவை. அதனால்தான் இங்கே ஒரு செங்குத்துச் சரிவு, பிறகு ஒரு சமதளம், மறுபடி ஒரு செங்குத்து என்று மலை படிப்படியாக உயர்கிறது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அடுத்த விளிம்புதான் உச்சி என்று தோன்றும். அங்கே போய் நின்றால் பின்னால் இன்னொன்று தெரியும். முதல்முறை ஏறுகிறவர் மனம் உடைவது களைப்பால் குறைவு. இந்த ஏமாற்றத்தால்தான் அதிகம். “உச்சி மாதிரி தெரியும், ஆனா உச்சி இல்ல, இப்படி மூணு நாலு தடவை வரும்” என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டால், வழியில் அந்த விளிம்புகளைச் சிரித்துக்கொண்டே எண்ணத் தொடங்குவார்கள்.

நேர்ப்பாறை வரும் இடங்களில் இரும்பு ஏணிகள் உண்டு. ஏறுவதற்கு முன் அவற்றின் படத்தைக் காட்டுவது நல்லது. உயரம் கண்டால் நடுங்குகிறவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். அவரை ஏணியில் தனியே விட வேண்டாம். அவருக்கு முன்னால் ஒருவர் ஏறி முடித்து மேலே நிற்கட்டும், கீழே ஒருவர் நிற்கட்டும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். “கீழே பார்க்காதே” என்று கத்துவதைவிட “அடுத்த படியை மட்டும் பார்” என்று சொன்னால் வேலை நடக்கும்.

யாரை, எப்போது?

கூப்பிட்டவர் எல்லோரையும் ஒரே நாளில் அழைத்துப் போக முடியாது. இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். நட்பு என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டும்.

வெள்ளியங்கிரியில் மலையேற்றப் பருவத்தில் மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் பக்தர்கள் உயிரிழக்கும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. 2024 பருவத்தில் அது பலமுறை வந்தது. இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை, சமீபத்திய அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துச் சம்மதம் வாங்கிய பிறகே வர வேண்டும். இந்தக் கேள்விகளைக் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் மாதவிடாய் பற்றித் தயங்காமல் பேசக்கூடிய ஒரு பெண் குழுவில் பொறுப்பில் இருப்பது பெரிய ஆறுதல். பாதையில் கழிப்பிடம் கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஏறி மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அழைத்துப் போகிறவரின் உறுதி தெரியும். எல்லோரும் கேட்பது மழைக்காலம். மேகத்துக்குள் நடப்பதும் வழியெல்லாம் அருவி விழுவதும் பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணி அடியில் ரேஷன் கடைபோல வரிசை நிற்கும், பாறை வழுக்கும், அடிவார ஓடை பெருகினால் இறங்கி வந்தும் ஊருக்குள் போக முடியாது. முதல் மலைக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உள்ள மாதங்களே நல்லவை. மழை முடிந்த கையோடு போனால் சரிவெல்லாம் சோன்கி என்ற மஞ்சள் பூ விரித்திருக்கும். கார்வி பூக்கும் ஆண்டாக அமைந்தால் இன்னும் அதிர்ஷ்டம். நம் நீலக்குறிஞ்சிக்கு நெருங்கிய உறவுச் செடி அது. 12 ஆண்டுக்குப் பதில் 8 ஆண்டுக்கு ஒருமுறை சஹ்யாத்ரிச் சரிவுகளை ஊதா நிறமாக்கும்.

மார்ச்சிலிருந்து புல் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்பதை மலைக்கு ஆள் சேர்க்கிற எவரும் மறக்கக் கூடாது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். வார விடுமுறைக்கு நண்பர்களோடு கிளம்பிய இளைஞர்களே அதில் பெரும்பாலோர். சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். காய்ந்த புல்லில் ஓடித் தப்புவது கடினம். அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியபோது, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவது அதன் அடிப்படையாக அமைந்தது. கல்சுபாயும் கல்சுபாய்–ஹரிஷ்சந்திரகட் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கும் மலை. கோடையில் போவதைத் தவிருங்கள். எந்த மாதமானாலும் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் மேலே வரக் கூடாது.

108 படியில் தொடங்கலாம்

திலக் நகரை ஒட்டிய செடா நகரில் ஸ்ரீ சுப்ரமணிய சமாஜத்தின் திருச்செம்பூர் முருகன் கோயில் இருக்கிறது. சமவெளியில் மலைக்கோயில்போல உயர்த்திக் கட்டி, 108 படி வைத்திருக்கிறார்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை ஏறினால் 16 மீட்டர். கல்சுபாய்க்கு அதை 50 முறைக்கு மேல் ஏற வேண்டும். சாமி கும்பிடப் போகும் நாளில் நிற்காமல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். நாலு வார்த்தை பேச முடிகிறதா என்று கவனியுங்கள். மற்றபடி பயிற்சிக்கு வீட்டு மாடிப்படி போதும்.

குறைந்தது ஆறு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் முக்கால் மணி நேர நடை. அடுத்த இரண்டு வாரம் வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி. ஏறுவதோடு நிறுத்தாமல், இறங்குவதையும் நிதானமாகப் பழக வேண்டும். ஐந்தாவது வாரம் முதுகில் 5 கிலோ பையோடு அதே படிகள். நடுவில் ஒரு ஞாயிறு எல்லோரும் சேர்ந்து போரிவ்லியில் இறங்கி கான்ஹேரி குகைகள்வரை நடந்துவிட்டு வரலாம். அல்லது நேரலில் இறங்கி மாத்தேரானுக்கு நடந்தே ஏறலாம். சுமார் 800 மீட்டர் உயரத்தில் காரும் பைக்கும் போகாத ஊர் அது. இந்த ஒத்திகைதான் குழுவைக் குழுவாக்கும். யார் வேகமாக ஓடுவார், யார் வலியை மறைப்பார், யார் சோர்ந்தால் கோபப்படுவார் என்று அன்றே தெரிந்துவிடும். ஒத்திகைக்கு வராதவரை மலைக்கு அழைக்க வேண்டாம்.

புது ஷூ வாங்கினால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டு நடக்கச் சொல்லுங்கள். கால் நகத்தை வெட்டச் சொல்லுங்கள். இறக்கத்தில் நீண்ட நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கன்றிப்போகும்.

நடக்கும் நாள்

சனிக்கிழமை ஆபீஸ் முடித்து, நள்ளிரவு வண்டியில் நின்றுகொண்டே போய், தூங்காமல் இருட்டில் ஏறி சூரிய உதயம் பார்ப்பது மும்பைப் பையன்களின் வழக்கம். பழகியவர்களுக்கு அது சரி. முதல்முறை வருகிறவர்களை அப்படி அழைத்துப் போகாதீர்கள். சனி மாலையே பாரியிலோ பண்டார்தராவிலோ போய்த் தங்கி, நன்றாகத் தூங்கி, ஞாயிறு காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள்.

கிளம்பும் முன் எல்லோரும் வட்டமாக நிற்கட்டும். முன்னால் போகிறவர் யார், கடைசியில் வருகிறவர் யார் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள். முன்னவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. அழைத்துப் போகிற நீங்கள் நிற்க வேண்டிய இடம் பின்பகுதி. வழி தெரிந்த இன்னொருவரோ ஊர் வழிகாட்டியோ முன்னால் போகட்டும். குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை முன்னவருக்கு அடுத்தபடி நடக்க விடுங்கள். கடைசியில் விட்டால், மற்றவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்து முடிக்கும் நேரத்தில்தான் அவர் வந்து சேருவார். வந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ, அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. அவரை முன்னால் விட்டால் இந்தக் கொடுமை நடக்காது. தன்னால்தான் தாமதம் என்ற குற்ற உணர்வும் அவருக்கு வராது.

“இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்று கேட்பார்கள். “இதோ, அஞ்சு நிமிஷம்” என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். அந்த ஐந்து நிமிடம் பொய்யானதும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். உண்மையான ஆபத்து வரும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அடுத்த சமதளத்துல உக்காந்து ஆரஞ்சு சாப்பிடுவோம்” என்று சொல்லுங்கள்.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்யுங்கள். 7 மணிக்குக் கிளம்பினால், மதியம் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் இறக்கம்தான். 1996 மே 10 அன்று எவரெஸ்டில் மதியம் 2 மணிக்குள் உச்சி சேராதவர்கள் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கு இருந்தும், பலர் அந்த நேரத்தைத் தாண்டி ஏறினார்கள். அன்று மாலை எழுந்த புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். அனுபவம் மிக்க குழுத் தலைவர்களும் அதில் அடக்கம். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்பச் சொல்வது மிகக் கடினம். அதனால்தான் அந்த முடிவை உச்சி தெரியாத இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

யாராவது பாதியில் முடியவில்லை என்றால், அவரை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரக் கூடாது. ஒருவர் துணைக்கு இருந்து அவரோடு மெதுவாக இறங்க வேண்டும். துணை யார் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். “உன்னால எங்களுக்கும் போச்சு” என்ற சொல் குழுவில் யார் வாயிலிருந்தும் வர விடாதீர்கள்.

உச்சியில் வெயில் அடித்தாலும் காற்று பலமாக இருக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆக மும்பையைவிட 10 டிகிரி வரை குளிர். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்றால் உடம்பு சீக்கிரம் நடுங்கத் தொடங்கும். முதல் வேலை காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போட வைப்பது. போட்டோ அதற்குப் பிறகு. பிறகு திசைகளைக் காட்டுங்கள்: ஒரு பக்கம் அலங், மதன், குலங் என்ற மூன்று கோட்டை மலைகள்; இன்னொரு பக்கம் ரத்தன்கட், ஹரிஷ்சந்திரகட்; கீழே 1926-ல் கட்டி முடித்த வில்சன் அணை தேக்கிய பண்டார்தரா நீர்ப்பரப்பு. ஏறியது எவ்வளவு உயரம் என்பது அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

பையில் இருக்க வேண்டியவை

• ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
• புளியோதரை, சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சை, ஆரஞ்சு.
• டார்ச். பகல் நடைக்கும் ஆளுக்கு ஒன்று கட்டாயம்.
• காற்றுத்தடுப்பு ஜாக்கெட், தொப்பி, மாற்றுச் சட்டை, கூடுதல் சாக்ஸ்.
• கட்டுத்துணி, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, கிருமிநாசினி, அவரவர் மாத்திரைகள்.
• சானிடரி நாப்கின், பழைய பேப்பர், மூடிக் கட்டும் கவர்.
• குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.
• விசில். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள்.
• வாசனைத் திரவியம் வேண்டாம். பாறைத் தேனீக்களைச் சீண்டும்.

இறக்கத்தில்தான் கவனம்

உச்சியைத் தொட்டதும் குழு தளர்ந்துவிடும். இனி இறங்குவதுதானே என்ற எண்ணம் வந்துவிடும். ஏறும்போது உழைப்பது மூச்சு. இறங்கும்போது உழைப்பது தொடைத் தசை. நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் தசையிழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். இரண்டு மூன்று நாள் கழித்தும் படி இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். களைத்த தொடை நடுங்கும்போதுதான் கணுக்கால் மடங்குகிறது. கையில் ஒரு கழியோ ஊன்றுகோலோ இருந்தால் முழங்கால் பிழைக்கும். காலடி சிறிதாக இருக்கட்டும், முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும், ஓடவே கூடாது. ஏணியில் இறங்கும்போது முகம் ஏணியைப் பார்க்க வேண்டும், ஒருவர் இறங்கி முடித்த பிறகே அடுத்தவர். இறக்கத்தில் நான் யாரையும் அவசரப்படுத்தியதில்லை. வண்டி போனால் அடுத்த வண்டி இருக்கிறது.

அடிவாரம் வந்து சேர்ந்ததும் தலையெண்ணிப் பாருங்கள். பிறகு பாரியில் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிட்லா, பாக்ரி, மிளகாய் டேச்சா என்று ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் சாப்பாடு, மலை இறங்கிய பசிக்கு அமிர்தம். வழியில் எலுமிச்சைச் சர்பத் விற்கிறவர்கள், வழிகாட்டிகளாக வரும் இளைஞர்கள் எல்லோரும் மகாதேவ் கோலி, டாக்கர் குடிகளைச் சேர்ந்த இவ்வூர்க்காரர்கள். மலை அவர்களுக்குத் தெய்வம்; வார இறுதியில் வருமானமும்கூட. மும்பையிலிருந்து எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போய்த் தின்று, காலி பாட்டிலை மட்டும் அவர்கள் மலையில் விட்டுவிட்டு வருவது அநியாயம். பேரம் பேசாமல் வாங்குங்கள். விபத்து என்றால் முதலில் ஓடிவருவது அந்த ஊர் ஜனம்தான்.

அடுத்த மலை

கல்சுபாய் இறங்கி வந்த இரண்டாவது வாரமே சிலர் “இமயமலை போகலாமாண்ணே?” என்பார்கள். போகலாம். ஆனால் அங்கே விதி வேறு. 2,500 மீட்டருக்கு மேல் காற்றில் அழுத்தம் குறைவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. அறிகுறி தீவிரமானால் உடனே இறங்க வேண்டும். உடற்பயிற்சி செய்து வலுவானவர்களையும் இது விடாது. மேலே ஏற ஏற அழைத்துப் போகிறவரின் அறிவும் கூட வேண்டும். உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் உள்ள மலையேற்ற நிறுவனங்களில் முறையான அடிப்படைப் பயிற்சி கிடைக்கிறது. நண்பர்களை அங்கே அழைத்துப் போக நினைப்பவர் முதலில் தான் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும்.

மலையேற்றம் நம்மவர்க்கு ஆகாது என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். அவரைப் போன்றவர்களின் பாதையும் எங்கோ ஒரு சிறிய மலையில்தான் தொடங்குகிறது. அந்தச் சிறிய மலையைச் சரியாகக் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அழைத்துப் போனவரின் வெற்றியை உச்சியில் எடுத்த படங்கள் சொல்லாது. அடுத்த ஆண்டு அதே நண்பர் தன் ஆபீஸ் தோழர்களை அழைத்துக்கொண்டு கல்சுபாய்க்குக் கிளம்ப வேண்டும். மெதுவாக நடப்பவரைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்த வேண்டும். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே சொல்லிவிட்டு, கடைசி ஆளோடு தானும் நடக்க வேண்டும். கன்னிசாமி குருசாமியாகும் அந்த வழக்கம் கோயில் மலைகளில் காலங்காலமாக நம்மிடம் இருக்கிறது. சஹ்யாத்ரிக்கும் அதைக் கொண்டு போவோம். அக்டோபரில் கிளம்ப நினைக்கிறவர்கள் ஆகஸ்ட் கடைசியிலேயே படி ஏறத் தொடங்கிவிட வேண்டும். உங்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நண்பருக்கு இன்றே போன் போட்டு ஒத்திகைத் தேதியைச் சொல்லுங்கள்.